எல்லையில் நிறுத்திய சீர்

மலை நின்று காக்க, மழை வந்து வாழ்த்த.

கருவரை நாட்டின் குன்றுகள் அனைத்துக்கும் உரியவரும், மேலைக் கணவாயில் கொள்ளைப்படையைத் தடுத்து நின்று வீழ்ந்தவருமான வேள் நெடுவரையனாரின் பட்டத்தரசியும், இளங்கோ வரையன் முடிசூடும் நாள்வரை அரியணைக்குக் காவலாய் அமர்ந்திருப்பவளுமாகிய நறுங்கோதை, எழுத்தர் எவரையும் அழைக்காமல் தன் கைப்பட எழுதிய ஓலை.

ஆழித்துறை நாட்டின் அதிபரும், ஏழு துறைமுகங்களின் காவலரும், புயலிலும் கலம் செலுத்திய பெருந்திரைக்கோ என்னும் பட்டம் பூண்டவரும், எனக்குத் தந்தை இல்லாத குறையைத் தீர்த்தவருமான தமையனார் அலைவாணர் திருமுன் இவ்வோலை சென்று சேர்க. தங்கள் துறைகளில் கலங்கள் குறைவின்றி அடைக. உப்பளங்களில் வெயில் தவறாது காய்க. அண்ணியாரின் முழங்கால் வலிக்கு நான் அனுப்பிய மலைத்தைலம் பயன்பட்டதென்று செய்தி வருக. அவர் அதைப் பூசாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

வாழ்த்து இத்துடன் நிற்க. தங்கள் செவிக்கு இதற்குள் எட்டியிருக்கும் செய்தியை மறைத்துப் பயனில்லை. இளங்கோவின் காதணி விழாவுக்கென்று தாங்கள் அனுப்பிய சீர்வண்டிகள் எங்கள் கீழை எல்லை வாயிலில் நிற்கின்றன. நிறுத்தியவர்கள் காவலர்கள், நிறுத்தச் சொன்னவள் நான். தாய்மாமன் சீரைத் தடுத்த தங்கை இரு நாட்டிலும் இதுவரை இருந்ததில்லை என்றும், இது உறவை அறுத்ததற்கு ஒப்பாகும் என்றும் தங்கள் தூதர் என் அவையில் நின்று முறையிட்டார். அவர் சொன்னது சரி. வழக்கம் என்னவென்று அறியாமல் நான் செய்யவில்லை. ஆகவே, தாங்கள் சினந்து கோலெடுக்குமுன் இந்த ஓலையை முழுதும் படிக்க வேண்டும் என்று இரந்து கேட்கிறேன். சிறுவயதில் பாதி கேட்டதும் எழுந்து போய்விடும் பழக்கம் தங்களுக்கு உண்டு. இம்முறை மட்டும் அமர்ந்திருந்தருள்க.

வண்டிகளில் வந்தவை பட்டும் பொன்னும் பழமும் மட்டுமாக இருந்திருந்தால் நானே வாயிலுக்கு வந்து ஆரத்தி எடுத்திருப்பேன். அவற்றோடு நிழற்களப் பெட்டிகளும் வந்துள்ளன. இளங்கோவுக்கென்று பெரியது ஒன்று. விழாவுக்கு வரும் எங்கள் நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆளுக்கொன்றாகச் சிறியவை. பழைய பெட்டியில் கதவுகள் ஏழுதான் என்றும், புதியதில் அவற்றின் இரு மடங்கு உண்டென்றும், வெட்டுண்டவன் உடலிலிருந்து சாயமெழுகு துளித்துளியாய்ச் சொட்டும்படி தங்கள் கம்மியர் புதுநுட்பம் செய்துள்ளனர் என்றும் தூதர் மிகுந்த பெருமையோடு விளக்கினார். நான் கேட்டுக்கொண்டேன். பிறகுதான் வாயிலை அடைக்க ஆணை அனுப்பினேன்.

அண்ணா, தாங்கள் முதற்பெட்டியை அனுப்பிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கணவர் வீழ்ந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது. பிள்ளை உண்ணவில்லை, எவர் மடியிலும் இருக்கவில்லை, தந்தையின் குதிரை கனைத்தபோதெல்லாம் வாயிலுக்கு ஓடினான். அப்போது தங்கள் ஆட்கள் பலாமரப் பெட்டியைக் கொணர்ந்து அவன் முன் வைத்தார்கள். உள்ளே விளக்கேற்றினார்கள். மெழுகுப் பட்டுத்திரையில் நிழல்கள் எழுந்தன. வலப்பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் வீரன் வாள் வீசுவான். சிவப்புத் தலைப்பாகைக் கொள்ளையர் ஒவ்வொருவராய் விழுவர். விழும்போது திரை சிவக்கும், மணி ஒலிக்கும், செப்புமணி ஒன்று கிண்ணத்தில் உதிரும். ஒரு கூட்டம் முழுதும் விழுந்தால் அடுத்த கதவு திறக்கும். வீரனே விழுந்தால் இடப்பக்கத்து வெள்ளைக்கயிற்றை இழுக்க வேண்டும். உடனே அவன் எழுந்து நிற்பான்.

அந்த வீரனுக்கு என் கணவரின் முகம் இருந்தது. வளைந்த மூக்கும், ஒருபக்கம் முறிந்த மயிற்பீலித் தலைக்கவசமும், நான் கட்டிவிட்ட புலிநகத் தாலியும்கூட அப்படியே இருந்தன. தங்கள் நாட்டில் வீழ்ந்த வீரனைப் பாவையாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது வழக்கம். அவன் அவர்களோடு விளையாடிக்கொண்டே இருப்பான் என்பது நெய்தல் மக்களின் நம்பிக்கை. எங்கள் நாட்டில் வீழ்ந்தவனைக் கல்லாக்கி ஊரெல்லையில் நிறுத்துவார்கள். நிறுத்தியபின் அவனை எவரும் அசைப்பதில்லை. இரண்டும் அன்பினால் வந்த வழக்கங்களே. தங்கள் அன்பைக் கண்டு நான் அன்று அழுதேன். கம்மியர் கைத்திறத்தைப் புகழ்ந்து பரிசும் தந்தேன். அதில் பொய்யில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்தினான். அரண்மனை முழுதும் மூச்சுவிட்டது. இளங்கோ இருக்குமிடமே தெரியவில்லை என்று செவிலியர் மகிழ்ந்தனர். உணவுத்தட்டைப் பெட்டியருகே வைத்தால் பார்க்காமலே தின்றுவிடுகிறான் என்று மடைப்பள்ளியார் மகிழ்ந்தனர். கொள்ளைப்படை மீண்டும் வராதபடி கணவாயில் அரண் எழுப்பும் வேலை என் தலைமேல் இருந்தது. அவன் அமைதியாய் இருந்தது எனக்கும் வசதியாய் இருந்தது. தெருக்களிலும் அதுவே நடந்தது. அரசகுமாரன் ஆடுவதைப் பார்த்து வணிகர்கள் சிறுபெட்டிகளைக் கொணர்ந்து விற்றனர். அடம்பிடித்த பிள்ளைக்கெல்லாம் ஒரு பெட்டி கிடைத்தது. மாலையில் எங்கள் தெருக்களில் பிள்ளைகளின் கூச்சல் குறைந்து மணியோசை மிகுந்தது. அதை நாடு செழிப்பதன் அடையாளம் என்று என் பேரமைச்சர் ஒருநாள் சொன்னார்.

இடையில் பட்டத்து யானை இறந்தது. பிள்ளை அதன்மேல் ஏறியே வளர்ந்தவன். குழியில் இறக்கும்போது அவன் பாகனிடம் சென்று, கயிறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டானாம். யானையைக் கட்டும் கயிற்றைக் கேட்கிறான் என்று எண்ணிய பாகன் கொட்டிலைக் காட்டியிருக்கிறான். எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆண்டு நிறைவில் கல் நாட்டும் நாள் வந்தது. எங்கள் முறையைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். கல் முகங்குப்புறக் கிடக்கும். அதன் எதிரே வழித்தோன்றல் நின்று, தன் தந்தை வீழ்ந்தார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னபிறகே கல்லை நிமிர்த்துவார்கள். கல் நிமிர்ந்த பின்னரே அவன் அரியணைக்கு உரியவன் ஆவான். வேறெவரும் அவனுக்காக அதைச் சொல்ல இயலாது. பன்னிரு குன்றின் தலைவர்களும் கூடியிருந்தனர். பிள்ளை கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அழவும் இல்லை. தன் தந்தை இன்னும் ஆறாம் கதவில்தான் இருக்கிறார் என்றும், ஏழாம் கதவைத் திறந்தால் வீடு வந்துவிடுவார் என்றும், அதற்குள் கல்லை ஏன் நிறுத்துகிறீர்கள் என்றும் கேட்டான்.

அன்று மாலைதான் நான் முதன்முறையாக அந்தப் பெட்டியின் முன் அமர்ந்தேன். ஏழாம் கதவுக்கு அப்பால் அரண்மனை வாயிலையும், அங்கே மாலையோடு நிற்கும் அரசியையும் தீட்டச் சொன்னவர் தாங்களே என்று பின்னர் அறிந்தேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தீட்டச் சொல்லியிருப்பீர்கள். ஓராண்டாக என் மகன் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். அவன் தந்தையை வீட்டுக்கு அழைத்துவர உழைத்துக்கொண்டிருந்தான், அண்ணா.

கல் குப்புறவே கிடந்தது. குன்றுத் தலைவர்கள் முகஞ்சுளித்துத் திரும்பினர். சொல் சொல்லாத பிள்ளைக்கு முடியேது என்ற பேச்சு அவர்களுக்கு முன்பே அவர்கள் ஊர்களைச் சென்றடைந்தது. பெட்டியை எடுத்து மறைத்துவிடலாமா என்று நான் எண்ணினேன். தந்தையை இரண்டாம் முறை பறிப்பதாகாதா என்று அஞ்சி விட்டுவிட்டேன். சில நாட்களில் அவன் ஏழாம் கதவைத் திறந்தும்விட்டான். மணிகள் எல்லாம் ஒருசேர ஒலித்தன. நிழல்வீரன் அரசியிடம் சென்றான். மாலை விழுந்தது. உடனே திரை இருண்டு, அதே வீரன் மீண்டும் முதற்கதவில் வந்து நின்றான். பிள்ளை எழுந்து அறைவாயிலைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் செவிலி சொன்னாள். எவரும் வரவில்லை. பகைவர் அனைவரும் விழுந்தும் தந்தை வரவில்லையென்றால் எங்கோ ஒரு பகைவன் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அந்தச் சிறுதலையில் எழுந்த முடிவு.

எங்கள் காவற்றலைவர் கொற்றஞ்சாத்தனாரைத் தாங்கள் அறிவீர்கள். கணவாயிலிருந்து என் கணவரின் உடலைத் தோளில் சுமந்து வந்தவர் அவரே. அவர் மகள் மௌவல், ஐந்து வயதினள், என் மகனுக்கு உள்ள ஒரே தோழி. மறுநாள் உச்சிவெயிலுக்குத் தந்தையின் சிவப்புத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, குளப்படியில் குனிந்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள். என் மகன் பயிற்சிக்கான மரவாளுடன் தோட்டத்தில் திரிந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து அவன் கண்டது சிவப்புத் தலைப்பாகையை மட்டுமே.

அவள் முகம் படிக்கல்லில் மோதியது. துண்டு அவிழ்ந்தது. விழுந்தவள் மௌவல் என்று அவன் கண்டான். அங்கே அவன் கூவியிருந்தால் பத்துப்பேர் ஓடி வந்திருப்பார்கள்; தோட்டக்காரர் வாழைக்கூட்டத்துக்கு அப்பால்தான் இருந்தார். அவன் கூவவில்லை. அவளைக் காப்பதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே வழியை நாடி, தன் அறைக்கு ஓடினான். பெட்டியின் வெள்ளைக்கயிற்றைப் பற்றி இழுத்தான். மீண்டும் மீண்டும் இழுத்தான். செவிலி கண்டபோது உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மௌவல் எழுந்திரு, மௌவல் எழுந்திரு என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். என்ன மௌவலுக்கு என்று அவள் கேட்டு, அவன் சொல்லி, ஆட்கள் குளத்துக்குச் சென்றபோது பொழுது வெகுவாகக் கடந்திருந்தது.

குழந்தை பிழைத்தாள். இடக்கண் பிழைக்கவில்லை. உடனே கொணர்ந்திருந்தால் அதையும் காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று அமைச்சர் ஒருவர் அவரைக் கடிந்துகொண்டார். சொன்னதே நல்லது என்று நான் எண்ணுகிறேன்.

சாத்தனார் அவைக்கு வந்தார். எங்கள் சட்டப்படி தம் பிள்ளையின் உறுப்புக்கு ஈடாக அவர் எதையும் கேட்கலாம்; அரசனானாலும் மறுக்க இயலாது. அவர் வாளைக் கழற்றி என் காலடியில் வைத்தபோது, பணியை விட்டுச் செல்லப்போகிறார் என்று அஞ்சினேன். அவர் கேட்டது வேறு: தம் மகளுக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் இளங்கோ அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். அது ஒன்றே தமக்கு வேண்டும் என்றார். அவை அதிர்ந்தது. இரத்தமும் சீழும் பிள்ளை காணத் தகாதவை என்றார் பேரமைச்சர். ஓராண்டாக ஒவ்வொரு நாளும் இரத்தம் பார்த்த பிள்ளைதானே என்று சாத்தனார் தணிந்த குரலில் சொன்னார். நான் இசைந்தேன்.

முதல்நாள் அவன் கண்களை மூடிக்கொண்டான். சாத்தனார் அவனைக் கடியவில்லை. மருந்துக்கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் அவனிடம் தந்தார். கட்டை அவிழ்க்கும்போது துணி ஒட்டிக்கொண்டு மௌவல் அலறினாள். அடுத்தடுத்த நாட்களில் அவன் பார்க்கத் தொடங்கினான். காயம் நேற்று இருந்ததுபோலவே இருப்பதைக் கண்டான். இன்று ஏன் ஆறவில்லை என்று மருத்துவரைக் கேட்டான். வலிக்கும்போது பற்றிக்கொள்ளத் தன் கையை அவளிடம் நீட்டினான். அவள் நகம் பதியப் பற்றினாள். பெட்டியின் பக்கம் அவன் போகவில்லை. போகாதே என்று எவரும் சொல்லவுமில்லை.

இதற்கிடையே ஊர் பொங்கியது. அரசகுமாரன் கையால் ஒரு குழந்தை கண்ணிழந்த செய்தி அறிந்ததும், பெட்டிகளை எல்லாம் சந்தியில் குவித்து எரிக்க வேண்டும் என்று பலர் கேட்டனர். பேரமைச்சர் அதை வழிமொழிந்தார். நாடு செழிக்கிறது என்று முன்பு சொன்னவரும் அவரே என்பதை நான் நினைவூட்டவில்லை; அவர் முகமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. பெற்றோர் அனைவரும் கேட்கும்படி அவையைத் திறந்து வைத்தேன்.

கணவாயில் போரிட்ட இளவீரன் ஒருவன் எழுந்து, தானும் மீசை அரும்பிய காலத்தில் துறைமுகம் சென்றிருந்தபோது நிழற்களம் ஆடியவனே என்றும், ஆட்டம் ஆட்டமென்று தனக்குத் தெரிந்திருந்தது என்றும், போரில் தோழன் சாய்ந்தபோது எந்தக் கயிற்றையும் தேடாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதாகவும் சொன்னான். நெசவுத்தெருச் சேந்தி என்பவள் இடுப்புப்பிள்ளையோடு முன்னால் வந்து, பெட்டியை எரிப்பது அரசிக்கு எளிது என்றாள். தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தன்னால் எழ இயலாது என்றும், பெட்டி இல்லாத நாளில் தன் மூத்தவன் ஏரிமதகில் விழுந்து பிழைத்தான் என்றும், பெட்டியை எடுத்தால் தன் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்றும் கேட்டாள். அரண்மனையில் செவிலியர் கூட்டமே இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லையே என்று முடித்தாள். காவலர் அவளைத் தடுக்க வந்தனர். நான் கையமர்த்தினேன். அந்தச் சொல் என்னைச் சுட்டது. சுடவேண்டிய இடத்தில்தான் சுட்டது.

அன்று நான் நம் மூங்கில்வாள்களை நினைத்தேன், அண்ணா. நாமும் போர் விளையாடியவர்களே. தாங்கள் எப்போதும் அரசன். நான் எப்போதும் தோற்கும் பகைவன். இது குறித்து எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. ஒருநாள் தங்கள் வீச்சில் என் முன்பல் தெறித்தது. என் வாயில் இரத்தத்தைக் கண்டதும் தாங்கள் வாளை வீசிவிட்டு, என்னைவிட உரக்க அழுதீர்கள். சோறும் உண்ணவில்லை. மூங்கில்வாள் நம்மைக் கொடியவர் ஆக்கவில்லை. அடிபட்டவள் எதிரில் நின்று அழுதாள், அடித்தவர் அதைப் பார்த்தார். திரைக்குள் விழுபவன் அழுவதில்லை. அவன் விழுந்தால் மணி ஒலிக்கிறது. வளர்ந்தவன் தன் வாழ்வில் கேட்ட அழுகையை நினைவில் கொண்டு அந்த ஆட்டத்தை ஆடுகிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நினைவு இன்னும் சேரவில்லை. அவன் முதலில் கேட்பது மணியோசையாக இருந்தால் அழுகையை அவன் எங்கே கற்பான்? எனக்குத் தெரிந்தவரை இவ்வழக்கின் வேர் இதுவே. என்னிலும் கற்றவர்கள் வேறாகச் சொல்லலாம். என் வீட்டில் நடந்தது இது.

ஆகவே அவையில் நான் வகுத்தது இது. பெட்டிகள் எரிக்கப்படமாட்டா, எரிப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு களமாகவே தோன்றும். குரல் உடையும் பருவம் வராத பிள்ளைகளிடம் வெட்டும் குத்தும் உள்ள நிழற்களத்தைப் பெற்றோர் தருதல் கூடாது; ஓட்டமும் கோட்டைகட்டலும் காட்டும் பெட்டிகளுக்குத் தடையில்லை. வளர்ந்த பிள்ளைகள் ஆடலாம். வீட்டாரில் ஒருவர் அருகில் அமர்ந்து, ஆட்டம் முடிந்தபின் அவர்களோடு பேசிவிட்டே எழ வேண்டும். சேந்தியின் கேள்விக்கு விடையாக, யானை இல்லாத யானைக்கொட்டிலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டேன். தறிவேலை நடக்கும் பொழுதில் தெருவுக்கொரு பெற்றோர் முறைவைத்து அங்கே காவலிருப்பார்கள். அந்த முறையில் என் பெயரும் உண்டு. மண்ணில் புரளும் பிள்ளைகள் நாளும் ஒரு முழங்காலாவது உடைத்துக்கொள்கிறார்கள். அழுகைச் சத்தத்தில் அமைச்சர்களுக்குத் தலைவலி. அவர்களுக்கும் தைலம் கொடுத்திருக்கிறேன்.

இனி, கல்லின் செய்தி. மௌவலின் காயம் மூடிய நாளில் கட்டு கடைசியாக அவிழ்ந்தது. கண் இருந்த இடத்தை என் மகன் நெடுநேரம் பார்த்தான். இது எப்போது திறக்கும் என்று கேட்டான். திறக்காது என்றார் சாத்தனார். எத்தனை நாள் மருந்து வைத்தாலுமா என்றான். ஆம் என்றார் அவர். பிள்ளை கிண்ணத்தைக் கீழே வைத்தான். கணவாயில் தன் தந்தைக்கும் இப்படித்தான் வலித்ததா என்று அவரைக் கேட்டான். அந்த உடலைச் சுமந்த மனிதர், பொய் சொல்லாமல், வலித்தது என்றார். அரசர் அப்போது தம் கையைப் பற்றிக்கொண்டார் என்றும் சொன்னார். அப்போது என் மகன் அழுதான். ஓராண்டாக வராத அழுகை அது. மௌவல் கட்டிலிலிருந்து இறங்கி அவனருகில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாயிலில் நின்றேன். உள்ளே போகும் துணிவு எனக்குச் சிறிது நேரம் கழித்தே வந்தது.

மறுநாள் குன்றுத் தலைவர்களை மீண்டும் அழைத்தோம். என் மகன் குப்புறக் கிடந்த கல்லின் எதிரே நின்றான். ஒரு கையை நான் பற்றியிருந்தேன். மறுகையை மௌவல் பற்றியிருந்தாள். என் தந்தை வீழ்ந்தார் என்றான். முறைப்படி அதோடு முடிந்தது. கல்லை நிமிர்த்தக் கயிறு கட்டியவர்கள் கையை வைக்குமுன், எவரும் கற்பிக்காத ஒரு சொல்லையும் தானே சேர்த்தான். எழமாட்டார் என்றான். கல் நிமிர்ந்தது.

ஆதலின் தமையனாருக்கு இத்தங்கை விடுக்கும் வேண்டுகோளும், கருவரை நாட்டு அரசி என்ற முறையில் எல்லைக்கு விடுத்துள்ள ஆணையும் வருமாறு. பட்டும் பொன்னும் பழமும் ஏற்றிய வண்டிகள் இவ்வோலை தங்களை அடையுமுன்னே மாலை மரியாதையோடு உள்ளே வந்துவிடும். பெட்டிகள் வாயிற்பண்டகசாலையில் ஒரு கீறலும் படாமல் இருக்கும். தங்கள் கம்மியரின் உழைப்பை நான் அவமதிக்கவில்லை. என் கணவரின் முகத்தை வார்த்த அச்சு தங்கள் பட்டறையில் இருக்கிறது. அதை உடைக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். இனி அதிலிருந்து எவர் பிள்ளைக்கும் பாவை செய்ய வேண்டாம் என்று கேட்கிறேன். தாங்கள் தங்கள் நாட்டுப் பெற்றோருக்கு என்ன சொல்வது என்பது தங்கள் உரிமை. சொல்லுமுன் ஒருமுறை, தங்கள் பேரன் ஆடும்போது அருகில் அமர்ந்து, திரையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பாருங்கள்.

காதணி விழாவுக்கு மாமன் நேரில் வரவேண்டும். தூதர் மடி வேண்டாம். காதில் ஊசி ஏறும்போது பிள்ளை அழுவான். அவனை இறுகப் பிடித்துக்கொள்ளும் மடி தங்களுடையதாக இருக்கட்டும். மௌவலுக்கும் அதே நாளில் காது குத்துகிறோம். அவளுக்குத் தாய்மாமன் இல்லை. தங்கள் மடியில் இருவருக்கு இடமுண்டு என்று சாத்தனாரிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கணவாய்க்கு எதிர்நின்ற குன்றின் பெயரால், வீழ்ந்தவர் விட்டுச்சென்ற மோதிர முத்திரையை இட்டேன். இவ்வோலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் வெள்ளைக்கயிற்றைத் தாங்கள் அவிழ்த்து அருகில் வைத்திருப்பீர்கள். அதை எறிந்துவிட வேண்டாம். எதைக் கொண்டு கட்டுவது என்று நான் நூல் தேடிக்கொண்டிருந்தபோது, என் மகன் தன் அறைக்குச் சென்று, பெட்டியிலிருந்து தன் கையாலேயே அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். இனி இது தனக்கு வேண்டாம் என்றான். மாமா கேட்டால், இழுத்துப் பார்த்துவிட்டேன் என்று எழுதச் சொன்னான்.

எழுதிவிட்டேன்.